வெள்ளிக்கிழமை எடை

ஜனவரி 18, சனி

நகைக்கடைக்காரர் கொடுத்த டைரி. போன வருஷத்து டைரியை அடுப்படி அலமாரியில் போட்டுப் பூச்சிக்குத் தின்னக் கொடுத்தேன். இந்த வருஷம் எழுதித் தீர்ப்பது என்று முடிவு. கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். வீட்டில் இறக்கினால் பாத்திரம்தான் நசுங்குகிறது.

நடந்தது இதுதான். மத்தியானம் இவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் லிங்கதுரை. திசையன்விளை பஜாரில் புளி, கருப்பட்டி மொத்த வியாபாரம். அது போதாதென்று போன ஆவணியில் முருங்கை இலைப் பொடியும் போட ஆரம்பித்தார். 'லிங்கா முருங்கைப் பொடி. ஊளைச்சதை கரையும், சர்க்கரை அடங்கும், உடம்பு சுறுசுறுப்பாகும்' என்று பாக்கெட்டில் அச்சு. ஒருத்தர் வாங்கினால்தானே. எல்லாம் மாடியில் அடுக்கியது அடுக்கியபடி கிடக்கிறது.

கடையில் நின்ற உவரிக்காரர் ஒருவர் பாக்கெட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காலிலிருந்து தலைவரை நிதானமாகப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வீட்டம்மாவே இந்தச் சைஸ்ல இருக்காவ. மொதல்ல அவியளுக்குக் குடும். பொறவு எங்களுக்கு விக்கலாம்."

கடையே சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்தார். நான் தூக்குவாளியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சிரிப்பைக் காணோம். "வர்ற வெள்ளிக்கிழமைலேருந்து நீ பொடி குடிக்கணும். வாரா வாரம் கடை வாசல்ல எடை போடுவோம். ஊரு பாக்கட்டும்," என்றார்.

"நான் என்ன புளி மூட்டையா?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஜனவரி 24, வெள்ளி

ஏற்றிவிட்டார். கடை வாசலில், மூட்டை நிறுக்கிற தராசில், பஜார் பார்க்க. சுமை இறக்கும் இசக்கி மட்டும் மரியாதை தெரிந்தவன், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவர்கள் டீ கிளாஸோடு வந்து நின்றார்கள். இவர் போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

எண்பத்தாறு. கரும்பலகையில் 'வீட்டம்மா 86 கிலோ' என்று எழுதி மாட்டினார். எனக்குத் தங்கபுஷ்பம் என்று ஒரு பெயர் உண்டு. அதை எழுதினால் சாக்பீஸ் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. புளி மூட்டைக்குச் சாக்கு எடை கழிப்பார்கள். எனக்குச் சேலை எடைகூடக் கழிக்கவில்லை.

காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் ஒரு கரண்டி. மத்தியானம் மோரில். சாயங்காலம் கஞ்சியில். குளத்தில் வழுக்கி விழுந்து வாயைத் திறந்தால் என்ன ருசியோ அந்த ருசி. முருங்கைக்கீரையைப் பருப்புப் போட்டு, தேங்காய் துருவிப் பொரித்தால் அள்ளி அள்ளித் தின்பேன். அதே இலையை உருவி, நிழலில் காயப்போட்டு, மில்லில் திரித்துப் பாக்கெட்டில் அடைத்தால் மருந்தாகிவிடுகிறது. சோறு மட்டும் பாதியாகிவிடுகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

உடன்குடியில் ஒரு கல்யாணம். இவர் பைக்கில் வந்தார். நான் ஷேர் ஆட்டோவில் போனேன். பின் டயர் புதுசாம், நான் உட்கார்ந்தால் தேய்ந்துவிடுமாம். மண்டபத்தில் எனக்கு எட்டாத தூரத்தில் முன்னால் நடந்தார். கூட வந்தவள் யார் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்கிற மாதிரி ஒரு நடை. கல்யாணமான புதிதில் என் செருப்பைக்கூடக் கையில் எடுத்து வந்த மனுஷன் இவர். மகன் பிறந்ததும் எனக்குச் சதை போட்டது. மகன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான், சதை போகவில்லை.

பந்தியில் எனக்கு இரண்டாவது தடவை சோறு வைக்க வந்தவனிடம் "போதும் போதும்" என்று எதிர் வரிசையிலிருந்து இவர் கையைக் காட்டினார். அப்போது மட்டும் கூட வந்தவர் ஆகிவிட்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி

87. ஏறியிருக்கிறது. பஜாருக்கு நல்ல பொழுதுபோக்கு. பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

போனில் எதையோ படித்துவிட்டு உற்சாகமாக வந்தார். எங்கேயோ எலிகளைக் கூண்டில் போட்டுக் கொழுப்புத் தீனியாகக் கொடுத்தார்களாம். அதில் பாதி எலிகளுக்கு முருங்கை இலைச் சாறும் கொடுத்தார்களாம். சாறு குடித்த எலிகளுக்குச் சதை போடவில்லையாம்.

"எலிக்கு வேலை செய்யுது. ஒனக்கு ஏன் செய்யல? ஒளிச்சு வச்சு எதுவும் திங்கியா?"

"அந்த எலி மூணு வேளையும் ஒங்களுக்குப் பொங்கிப் போட்டுச்சா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடி அடக்கிக்கொண்டார். அடக்காமல் இருந்திருக்கலாம். சேர்ந்து சிரித்து எவ்வளவோ காலமாகிறது.

மார்ச் 7, வெள்ளி

86. பலகை மறுபடி பஜாரைப் பார்த்துத் திரும்பியது.

மார்ச் 21, வெள்ளி

82!

தராசு கெட்டுவிட்டதென்று இசக்கி ஏறிப் பார்த்தான், தராசு சரிதான். இவர் எண்ணைப் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். இன்று பாக்கெட் கேட்டு ஏழெட்டுப் பேர் வந்தார்களாம்.

வெயில் பங்குனியிலேயே இப்படிக் கொளுத்துகிறது. ஒரு குடம் தண்ணீர் எனக்கே போதவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "நல்லாக் குடி, கொழுப்பெல்லாம் அடிச்சிட்டுப் போவும்," என்றார் இவர். செம்பை நிரப்பி அவரே கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் செம்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். எடை இல்லை. சாஸ்தா கோயிலுக்குப் போய்வந்தோம்.

பைக்கில் போனோம். நான் ஆட்டோவுக்குப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, "ஏறு தங்கம்," என்றார். தங்கம்! சுற்றிலும் பார்த்தேன், என்னைத்தான். தேரிக்காட்டுச் செம்மணலில் வண்டி தடுமாறியபோது அவர் தோளைப் பிடித்தேன். தட்டிவிடவில்லை.

கோயில் முழுக்கச் சொந்தக்காரர்கள். வருஷத்துக்கு ஒருநாள் கூடுகிற கூட்டம். "யாரு, தங்கபுஷ்பமா! ஆளே தெரியலயே" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். இவர் என் பக்கத்திலேயே நின்றார். பொங்கல் வைக்க விறகு எடுத்துக் கொடுத்தார். எனக்குப் புதுச்செருப்பு ஒன்றும் வாங்கி வைத்திருந்தார், குதிகால் கொஞ்சம் உயர்ந்தது. பெருவிரலைக் கடிக்கிறது, பழகினால் சரியாகிவிடும்.

சந்தோஷமாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நாற்பத்துமூன்று வயசில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வருமென்று நினைக்கவில்லை. இலை நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பாத்ரூம் தண்ணீர் போகிற ஓடையில் சாரை சாரையாகக் கட்டெறும்பு. கருப்பட்டிச் சாக்கைக் கழுவின தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியிருக்கும். இவர் பார்ப்பதற்குள் எறும்புப் பொடி தூவிக் கழுவிவிட்டேன். கருப்பட்டிச் சாக்கை நாங்கள் கடையில்தான் கழுவுவோம். காற்றில் வந்திருக்கும்.

ராத்திரி தூக்கம் கெடுகிறது. தண்ணீர் குடித்தால் எழுந்து போகத்தானே வேண்டும். இவருக்கு முழிப்புத் தட்டாமல் சுவரைத் தடவியபடி போய் வருகிறேன்.

கீரை வாங்கவில்லை. வெண்டைக்காய் முற்றல்.

மே 9, வெள்ளி

73. இன்று பலகையில் 'தங்கபுஷ்பம்' என்று எழுதினார். முழுப்பெயர். 'ஷ்' கூட விடவில்லை.

மாடியில் கிடந்த பொடி எல்லாம் தீர்ந்து, இலை உருவப் பெண்களை வைத்திருக்கிறார். சாத்தான்குளம், நாங்குநேரியிலிருந்தெல்லாம் ஆள் வந்து என்னை நேரில் பார்த்துவிட்டு வாங்கிப் போகிறார்கள். பொம்பளைகள் என் கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒருத்தி இடுப்பையே கிள்ளினாள். ஜூன் கடைசியில் திருநெல்வேலியில் வேளாண் கண்காட்சியாம். இவர் ஒரு கடை பிடித்திருக்கிறார். என் படத்தை ஆள் உயரத்துக்குப் பிளக்ஸ் போடப் போகிறாராம், முன்பு இருந்தது ஒருபக்கம், இப்போது இருப்பது ஒருபக்கம்.

"இன்னும் ஒரு ஏழெட்டுக் கிலோ தங்கம். அதுக்குள்ள கொறஞ்சிட்டா அமோகமா இருக்கும்."

குறைத்துவிடலாம் என்று சொன்னேன். நான் என்ன செய்து குறைக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பசி எடுத்துப் பறக்கிறது. நேற்று இவர் கடைக்குப் போனதும் ஒரு சட்டிச் சோறு தின்றேன். அப்படியும் இறங்குகிறதே, அந்த இலைக்கு என்ன சக்தி பாருங்கள்.

மே 18, ஞாயிறு

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வயசாகிறது. மளிகைப் பாக்கெட்டில் எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடுகிறது.

எறும்புப் பொடி தீர்ந்துவிட்டதென்று நினைத்துப் பார்த்தால் அலமாரியில் புதுப் பாக்கெட் இருக்கிறது. எப்போது வாங்கினேன் என்று ஞாபகமில்லை. மறதி வேறு.

மே 25, ஞாயிறு

எஸ்தரோடு சண்டை.

எஸ்தர் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் படித்தவள். மார்ச்சிலிருந்து என் ஜாக்கெட்டுகளைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் கொடுக்கிறாள். இன்று டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஏட்டி, துணிதான் நிக்கி, ஒடம்பக் காணும். கழுத்தெலும்பப் பாரு. கால்ல என்ன கட்டு?"

"செருப்புக் கடிச்சுட்டு."

"எப்ப?"

"உத்திரத்தன்னைக்கு."

"ஒரு மாசத்துக்கு மேலயா புண்ணு ஆறாமக் கெடக்கு? எங்க அண்ணன் இப்படித்தான் சடசடன்னு எளச்சான். வா, நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பாத்துருவோம். என்னட்டி பயம்?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நான் குண்டா இருந்தப்ப ஒனக்கு நல்லா இருந்துச்சு, இல்லியா? என் பக்கத்துல நின்னா நீ சிட்டுப் போல தெரிஞ்ச. இப்ப அது முடியல. வயித்தெரிச்சல்," என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஜாக்கெட்டை மடித்துக் கையில் கொடுத்தாள்.

சொன்னது தப்புத்தான். ஆனால் அவள் யோசித்துப் பேசியிருக்க வேண்டும். 'சர்க்கரை அடங்கும்' என்று எங்கள் பாக்கெட்டில் போட்டிருக்கிறது. மூன்று வேளை அதைக் குடிக்கிற நான் போய்ச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்தால் பஜார் வாயை யார் மூடுவது? இவர் மானம் என்னாவது? அதனால்தான் போகவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. இளைத்தது இலையால் இல்லை என்று ஆகிவிட்டால், மறுபடி பழைய உடம்பு வந்துவிட்டால், என்கிற கதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

66.

படம் எடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து ஆள் வந்திருந்தான். பச்சைப் பட்டு, பிச்சிப்பூ. கன்னம் ஒட்டியிருக்கிறது என்று பவுடரை அப்பினான். கையில் முருங்கைக் கொத்தைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னான். நிற்க முடியாமல் தூணைப் பிடித்தேன். "அதுவும் நல்லாத்தான் இருக்கு, அப்படியே நில்லுங்க," என்றான்.

இவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று பார்த்தாரே, அப்படி.

வயிற்றைப் பிரட்டுகிறது. பட்டு கசங்குவதற்குள் மாற்ற வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று தடவை வாந்தி. எழுத்து வரிசை விட்டு ஓடுகிறது. நாளைக்கு எழுதலாம்.

ஜூன் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். டைரியை எஸ்தர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் பேசிய பேச்சுக்கு அவள் எட்டிப் பார்த்திருக்கவே கூடாது. வந்தாள், தலையை வாரிவிட்டாள், நீ பேசினதை நான் மறக்கமாட்டேன் என்றும் சொன்னாள். அதுதான் எஸ்தர்.

திங்கட்கிழமை காலையில் அடுப்படியில் விழுந்துவிட்டேனாம். இவர்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கண் திறந்தபோது ஊசியும் டியூபுமாகக் கிடந்தேன். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி பக்கத்தில் நின்றாள். சர்க்கரை ஐந்நூறுக்கு மேல் என்றாள். நிரம்ப நாளாக இருந்திருக்கிறது என்றாள்.

"எப்பலேருந்தும்மா ஒடம்பு இப்படி இருக்கு?"

என்னைத்தான் கேட்டாள். இவர் பதில் சொன்னார்.

"பங்குனிலேருந்து டாக்டர். கொடங்கொடமாத் தண்ணி குடிக்கா. ராத்திரி நாலு தடவ, அஞ்சு தடவ எந்திரிச்சுப் போறா. பாத்ரூம்ல எறும்பு மொய்க்கு. கண்ணு சரியாத் தெரியல, மளிகைப் பாக்கெட்டக்கூட தூரத்துல புடிச்சுப் பாக்கா. பகல்ல ஆளில்லாதப்ப சட்டிச் சட்டியாச் சோறு திங்கா, ஆனாலும் எளைக்கா. கால் பெருவெரல்ல புண்ணு, செருப்புக் கடிச்சது, இன்னும் ஆறல."

ஒன்றுகூட விடவில்லை. வரிசையாக, பிசகில்லாமல் சொன்னார். நான் எதையெல்லாம் ஒளித்தேனோ அதையெல்லாம் சொன்னார். சோறு தின்றதுகூடத் தெரிந்திருக்கிறது. எறும்புப் பொடி வாங்கி வைத்தவர் யார் என்றும் தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா அவரைப் பார்த்தாள். "இவ்வளவும் பாத்திருக்கீங்க. ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரல?"

"எலைதான் வேலை செய்யுதுன்னு நெனச்சோம்."

"முருங்கை நல்ல கீரை. சாப்பிடட்டும். ஆனா அது இப்படியெல்லாம் ஆளை உருக்காது. சாப்பிட்டது ஒடம்புல சேராம, ஒடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னுருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கதை வேற. இனிமே தெனம் மூணு வேளை இன்சுலின் ஊசி போடணும். ஒடம்பு தேறும், போன எடையும் திரும்ப வரும்."

இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அழுதிருக்கிறார் என்று தெரிந்தது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எத்தன நாள்ல டாக்டர்? எடை சட்டுன்னு ஏறுமா, கொஞ்சம் கொஞ்சமா ஏறுமா?"

பாவம், பெண்டாட்டிமேல் எவ்வளவு கவலை என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். "கொஞ்சம் கொஞ்சமா," என்று ஆறுதலாகச் சொன்னாள். கண்காட்சி இருபத்தெட்டாம் தேதி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் என்னை ஏறெடுத்துப் பார்ப்பதே இல்லை என்று எத்தனை வருஷம் மனசுக்குள் அழுதிருக்கிறேன். பார்த்திருக்கிறார். ஒரு நாள் விடாமல், ஒவ்வொரு ராத்திரியும் முழித்துக் கிடந்து பார்த்திருக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. இன்று எடை போடவில்லை. கேட்கிறவர்களிடம் வெளியூர் போயிருக்கிறாள் என்கிறாராம். நான் அடுப்படியில் அவருக்குத் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்த வேண்டும். இத்தனை நாள் திட்டு வாங்கிய சதைக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. தாகம் நின்றுவிட்டது. காலண்டரில் ராகுகாலம்வரை தெளிவாகத் தெரிகிறது.

சாப்பிடும்போது கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்தியளா?"

தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "சுகராத்தான் இருக்கும்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. கேக்கப் பயமா இருந்துச்சு. கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா? எல்லாம் அத்தோட நின்னுருமே. புளி யாவாரத்துல ஒண்ணுமில்லன்னு ஒனக்கே தெரியும். இந்த ஒண்ணுலதான் நாலு பேரு என்னை மதிச்சான்."

"நான் செத்திருந்தா?"

"அப்படியெல்லாம் சொல்லாத." பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நீயும் சொல்லலயே, தங்கம். ஒனக்குத்தான வந்துச்சு. நீ ஏன் சொல்லல?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வாய்வரை வந்தது. இந்த மனுஷனிடம் அதைச் சொல்வதைவிட அடுப்பில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினேன்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்றுக் கண்காட்சி. போகக்கூடாதென்றுதான் இருந்தேன். விடியற்காலையில் இவர் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வாசலில் வந்து நின்றார். "நீ வரலன்னா யாரு நம்புவா?" என்றார். அதட்டலாகச் சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேன். கெஞ்சினார். ஊசியையும் சோற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எஸ்தர் பிரித்துவிட்ட ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டேன். மூன்று கிலோ ஏறியிருக்கிறது.

மைதானம் முழுக்கப் பந்தல். எங்கள் கடை வாசலில் பிளக்ஸ். இடப்பக்கம் ஜனவரியில் எடுத்த படம், வலப்பக்கம் ஜூனில் எடுத்தது. நடுவில் அம்புக்குறி. நான் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வலப்பக்கத்துக்காரி அழகாகத்தான் இருந்தாள். பச்சைப் பட்டு அவளுக்கு எடுப்பாக இருந்தது. தூணைப் பிடித்தது தெரியாதபடி வெட்டியிருந்தார்கள்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. மத்தியானவாக்கில் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அவளுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். குண்டுதான். துப்பட்டாவை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, அவனுக்குப் பின்னால் நின்றாள். அவன் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டி, "இதுக்கு எத்தன பாக்கெட் ஆவும்?" என்று கேட்டான். இதுக்கு என்றுதான் கேட்டான்.

"எங்கிட்ட ஏன் கேக்கிய, படத்துல இருக்கவ இங்கதான நிக்கா. அவட்டயே கேளுங்க," என்றார் இவர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துத்தான் பேசினேன். "எலை நல்ல எலைதாம்மா. பருப்புப் போட்டுப் பொரிச்சு நல்லாத் தின்னு. ஆனா நான் எளச்சது எலையில இல்ல, சீக்குல. சுகர். அந்தப் படம் எடுத்த மூணாம் நாள் ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடந்தேன். இப்ப தெனம் மூணு வேளை ஊசி."

சுற்றி நின்றவர்கள் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு கணம்தான். பிறகு சத்தமாகச் சிரித்தார். "இவ எப்பவுமே இப்படித்தாங்க, ஒரே தமாசு. எளச்ச பொறவு வாயிதான் கூடிட்டு." அந்தப் புருஷன் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜனவரியில் உவரிக்காரர் பேச்சுக்குக் கடையே சிரித்ததைவிட இது நன்றாக இருந்தது, எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. அவன் இரண்டு பாக்கெட் வாங்கினான். நான் சொன்ன பிறகும் அதன்பின் வந்தவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் சோற்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

ஊசி போட்டுவிட்டுச் சேலையைச் சரிசெய்தபோது அந்தப் பெண் வந்து நின்றாள். தனியாக வந்திருந்தாள். அவள் புருஷன் எதிர்க்கடையில் மருந்தடிக்கிற ஸ்பிரேயரை விலை கேட்டுக்கொண்டிருந்தான். அவள் என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள்.

"யக்கா, நீங்க சொன்னது நெசமா?"

"நெசந்தாம்மா. அவிய சிரிச்சதுதான் பொய்யி."

நம்பிவிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. மொத்தக் கண்காட்சியில் ஒருத்தியாவது நம்பினாளே, இவளாவது தப்பித்தாளே என்று நினைத்தேன். அவள் திரும்பிப் புருஷன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தாள். பிறகு பிளக்ஸில் வலப்பக்கம் இருந்தவளைப் பார்த்தாள். என் பக்கம் குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தச் சீக்கு வந்தா எத்தன நாள்ல எளைக்கும்க்கா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண்ணைப் பார்த்தேன், பதிலுக்குக் காத்திருந்தாள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. ஜனவரியில் யாராவது என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லியிருந்தாலும், நானும் இதைத்தான் கேட்டிருப்பேன்.